குடோன் எந்த ஊர்ச் சொல்? சிகாகோ இணைய அகராதிகள்: செட்டிநாட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வளவை (வீட்டின் உள்முற்றப் பகுதியை) தாண்டிச் சாமான் அறையைக் காட்டும்போது ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது: "இதுதான் குடோன். கீழே இறங்கிப் போய்ச் சரக்கு வைக்கிற இடம். அதனால் வெள்ளைக்காரர்கள் 'கோ டவுன்' என்று பெயர் வைத்தார்கள்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை அல்ல. அந்தச் சொல் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்குவதற்கு வெகு முன்பே மலாக்காக் கடைத்தெருவில் புழங்கியது. அதற்கும் முன்னால் அது நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சொல். ஆங்கிலத்தில் ஆசியத் துறைமுகங்களுக்கு வெளியே அதிகம் வழங்காத அரிய சொல்லாகவே இன்றும் இருக்கிறது.

இதைச் சான்றோடு சொல்லக் கையில் என்ன வேண்டும்? சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி என்ற இணையதளத்தின் அகராதிப் பகுதி இருந்தால் முக்கால் வேலை முடிந்துவிடும். இந்த மதிப்பீடு அந்தச் சேவையைப் பற்றியது. வீடு சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருளுக்கு ஆங்கிலச் சீட்டு எழுதுகிறவர்கள், பழைய பேரேடு படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. தளத்தை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே வழுக்கும் என்பதை ஒரே சொல்லை முழுதாகப் பின்தொடர்ந்தால்தான் விளக்க முடியும். அதற்குக் குடோனை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சேவை பற்றிச் சில வார்த்தைகள். கட்டணமும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. தெற்காசிய மொழிகள் பலவற்றின் அச்சு அகராதிகளை முழுதாகத் தட்டச்சு செய்து தேடும்படி வைத்திருக்கிறார்கள். வெறும் பட நகல் என்றால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். இங்கே பதிவுக்குள் இருக்கும் எந்தச் சொல்லையும் தேடலாம். தமிழுக்கு 1862இல் வந்த வின்சுலோ, பப்ரிசியசு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆகியவை உண்டு. திராவிட மொழிகளை ஒப்பிட பரோ, எமனோ இருவரின் வேர்ச்சொல் அகராதி இருக்கிறது (இரண்டாம் பதிப்பு, 1984). தெலுங்குக்கு பிரவுன், உருதுவுக்கு பிளாட்ஸ். எல்லாவற்றுக்கும் மேலாக நம் வேலைக்கு வேண்டிய ஹாப்சன் ஜாப்சன் இருக்கிறது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வாயில் வழங்கிய கீழைச் சொற்களின் அகராதி அது.

சிகாகோவுக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்த பிறகு வாங்கியது இதே பல்கலைக்கழகம்தான். சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பின் மேல் எழுந்தது. நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பொறுமையை மதிக்கத் தெரிந்த இடம் அது. அந்த மரியாதை அகராதித் தளத்திலும் தெரிகிறது. பதிவுகளைச் சுருக்கவில்லை, நவீனப்படுத்தவில்லை. அச்சில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற எண்ணையும் விடாமல் தந்திருக்கிறார்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். தொடங்க வேண்டிய இடம் ஹாப்சன் ஜாப்சன். வங்காளப் பொறியாளர் படையில் இருந்த ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னலும் சேர்ந்து தொகுத்தது. 1886இல் வெளிவந்தது, அதைப் பார்க்காமலே 1882இல் பர்னல் இறந்துவிட்டார். தளத்தில் இருப்பது வில்லியம் குரூக் திருத்திய 1903ஆம் ஆண்டுப் பதிப்பு. பதிவுக்குள் சதுர அடைப்புக்குள் வருபவை குரூக் சேர்த்தவை. யூல், பர்னல் சொன்னதா, பின்னால் சேர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க அந்த அடைப்புக்குறிதான் அடையாளம்.

தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் தலைச்சொல்லில் மட்டும் தேடு, முழுப் பதிவிலும் தேடு என்ற தெரிவு இருக்கும். முதல் தடவை முழுப் பதிவையே தேர்ந்தெடுங்கள். காரணம் எழுத்துக்கூட்டல். குடோன் இன்றைய ஆங்கில எழுத்திலேயே கிடைத்துவிடும். ஆனால் அலமாரியை இன்று நாம் எழுதும் ஆங்கில எழுத்தில் தலைச்சொல்லாகத் தேடினால் ஏமாற்றம்தான். நடுவில் ஒய் போட்ட பழைய வடிவத்தில் அது ஒளிந்திருக்கிறது. தலைச்சொல் கிடைக்கவில்லை என்றதும் "அகராதியில் இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் தளத்தில் நடக்கும் மிகப் பொதுவான பிழை.

குடோன் பதிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது. இந்தி, வங்காளியில் உள்ள 'குதாம்' மூலச் சொல் அல்ல, ஆங்கிலோ இந்தியச் சொல்லிலிருந்து போனது போலத் தெரிகிறது. இந்தியாவுக்குள் சொல் வந்தது மலாய்ப் பக்கமிருந்து. அங்கே அதற்குச் சரக்கறை என்ற பொருளோடு செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய வீடு என்ற பொருளும் உண்டு. ஆனால் மலாய்க்கு அது போனது தென்னிந்தியாவிலிருந்து: தெலுங்கில் கிட்டங்கி, தமிழில் கிடங்கு, சரக்கு கிடக்கும் இடம்.

அதன் கீழே ஆண்டு வாரியாக மேற்கோள்கள். இந்த அகராதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1513இல் போர்ச்சுகீசிய இந்தியாவின் ஆளுநர் அல்புகெர்க்குக்கு எழுதப்பட்ட ஒரு போர்ச்சுகீசியக் கடிதத்தில், அரிசியெல்லாம் எரிந்து, ஒரு 'குடாம்' நிறைய இருந்த ஜாதிபத்திரியும் எரிந்தது என்று வருகிறது. இந்த ஒரு வரி போதும், 'கீழே போ' விளக்கம் விழுந்துவிடும். ஆங்கிலேயர் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600இல். அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுகீசியர் ஒருவர் எழுதிய சொல்லுக்கு ஆங்கில வினைச்சொல் எப்படித் தாயாக முடியும்? கம்பெனிக் குமாஸ்தாக்கள் தமக்குத் தெரிந்த இரண்டு சொற்களின் சாயலில் எழுத்துக்கூட்டினார்கள் என்பது மட்டும் உண்மை. கேட்ட ஒலியைப் பழகிய எழுத்துக்குள் அடைக்கிற வேலை அது. பிறப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மேற்கோள்களில் நெருப்பு திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாருஷ், இரவோடிரவாக வியாபாரிகள் தங்கள் குடாம்களைக் காலி செய்ததைச் சொல்லும்போது, அவை தீக்குப் பயந்து ஏறக்குறைய நிலத்துக்கு அடியில் அமைத்த அறைகள் என்கிறார். வெனிஸ் வணிகர் செசாரே ஃபெதெரீச்சி பர்மாவின் பெகு நகரைப் பற்றி எழுதியது 1588இல் ஆங்கிலத்தில் வந்தது. மூங்கில் வீடுகள் நிறைந்த அந்த ஊரில், விலைமதிப்புள்ள சரக்கைத் தீயிலிருந்து காக்க வியாபாரிகள் செங்கல்லால் கட்டி வைத்திருந்த கட்டடத்தின் பெயர் 'கோடன்' என்கிறார். ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று இது. மலாயில் இந்தச் சொல்லுக்குச் செங்கல் கட்டடம் என்ற பொருள் ஏன் வந்தது என்பதும் இதனால் விளங்குகிறது. ஊரே மூங்கிலும் ஓலையுமாக இருக்கும்போது, கல்லும் செங்கல்லுமாக எழுந்த ஒரே கட்டடம் சரக்கறைதான். அந்தப் பொருள் இந்தோனேசியாவில் இன்றும் வாழ்கிறது: குடாங் என்றால் சரக்கறை, கெடுங் என்றால் பெரிய கட்டடம்.

இங்கே ஹாப்சன் ஜாப்சனோடு நமக்கு ஒரு கருத்து வேறுபாடு. நிலத்தடி அறை என்ற பழைய விளக்கத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அப்படி இருப்பது அரிது என்று அது தள்ளிவிடுகிறது. தமிழ் தெரிந்தவர் அவ்வளவு விரைவில் தள்ள மாட்டார். ஏன் என்பதற்குத் தமிழ்ப் பேரகராதியைத் திறக்க வேண்டும்.

பேரகராதியில் தமிழ் எழுத்திலேயே கிடங்கு என்று தட்டலாம். முதலில் வரும் பொருள் சரக்கறை அல்ல, அகழி. குளம், குழி என்ற பொருள்களும் அதனோடு சேர்ந்தவை. புறநானூற்று 350ஆம் பாட்டில் வரும் 'தூர்ந்த கிடங்கு', பாழ்பட்ட கோட்டையைச் சுற்றி மண் மூடிப்போன அகழி. ஆக, கிடங்கு முதலில் ஆழமான இடம். சரக்கு கிடக்கும் இடம் என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. போர்ச்சுகீசியர் கண்ட 'ஏறக்குறைய நிலத்துக்கு அடியிலான' அறைக்கும் இந்தக் குழிப் பொருளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது எங்கள் கருத்து. இதை முடிந்த முடிவாக அட்டையில் எழுதக் கூடாது. தேடலைத் தொடரத் தகுந்த தடயம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

பேரகராதியைப் படிக்கும்போது சுருக்கக் குறிகளில் கவனம் வேண்டும். பதிவின் தலையில் சதுர அடைப்புக்குள் ஆங்கில எழுத்துகளோடு பிறமொழி வடிவங்கள் வரும். அங்கே 'டி' என்று தனியாக நின்றால் அது தெலுங்கு, தமிழ் அல்ல. 'கே' கன்னடம், 'எம்' மலையாளம். பரோ, எமனோ அகராதியில் இந்தச் சுருக்கங்கள் வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு மொழிக்கு இரண்டெழுத்து. ஒன்றில் பழகிய கண்ணோடு மற்றதைப் படித்தால் தெலுங்குச் சொல்லைத் தமிழ் என்று எழுதிவிடுவோம். பேரகராதியில் '<' என்ற கோணக்குறி இருந்தால் 'அதிலிருந்து வந்தது' என்று தொகுப்பாளர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். 'ஒருவேளை' என்ற சுருக்கம் முன்னால் இருந்தால் அவர்களுக்கே ஐயம். அந்த ஐயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை மட்டும் நகலெடுப்பவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது ஒலிபெயர்ப்புச் சிக்கல். இந்தத் தளத்தில் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஹாப்சன் ஜாப்சன் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதுகிறது. கிடங்கின் நடுவில் உள்ள டகரத்துக்கும் கடைசிக் குகரத்துக்கும் ஒலிப்புள்ள எழுத்துகளைப் போடுகிறது. பேரகராதியும் பரோ, எமனோவும் எழுத்துக்கு எழுத்து எழுதுபவை. தமிழில் க ஒன்றுதான், ட ஒன்றுதான், ஆகவே எங்கே வந்தாலும் ஒரே ரோமன் எழுத்து. ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றதில் ஒட்டினால் விடை வராது. தமிழ் எழுத்தை ஏற்கும் இடத்தில் தமிழிலேயே தட்டுங்கள். வேர்ச்சொல் அகராதியில் ரோமன் வடிவம் வேண்டுமென்றால், பேரகராதிப் பதிவில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் புள்ளி, கோடு போட்ட வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு நூல்களும் ஏறக்குறைய ஒரே முறையைப் பின்பற்றுவதால் பெரும்பாலும் பொருந்தும்.

வேர் விஷயத்திலும் ஒரு சிறு திருத்தம் தேவை. ஹாப்சன் ஜாப்சன் 'கிடு' என்றால் கிடத்தல் என்று தருகிறது. தமிழில் வேர் 'கிட'. ஆங்கில அகராதிகள் சில அந்தப் பிழையையும் சேர்த்தே கடன் வாங்கியிருக்கின்றன. பரோ, எமனோவில் 'கிட' என்று தேடினால் தமிழ் வடிவங்களோடு பிற திராவிட மொழிகளின் உறவுச் சொற்களும் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நிற்கும். ஆனால் அந்த நூலிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்ன சொற்கள் ஒரே குடும்பம் என்று மட்டுமே அது சொல்லும். எது எப்போது, எந்தத் துறைமுகத்தில், யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போனது என்று சொல்லாது. ஆண்டுகளும் இருக்காது. ஆண்டு வேண்டுமென்றால் ஹாப்சன் ஜாப்சனுக்குத்தான் திரும்ப வேண்டும்.

அப்படியானால் மலாய்க்குப் போனது தமிழ்க் கிடங்கா, தெலுங்குக் கிட்டங்கியா? செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்கு உணர்ச்சி கலந்துவிடுகிறது. சான்றைப் பார்ப்போம். பிரவுன் தெலுங்கு அகராதியில் கிட்டங்கி சரக்கறைதான்; தெலுங்கு மாநிலங்களில் அரசுச் சேமிப்புக் கிடங்குகளுக்கு இன்றும் அதுவே பெயர். தெலுங்கில் முதல் எழுத்து ஒலிப்புள்ள க, அதாவது 'கங்கை'யில் வருவது போல. தமிழில் சொல்லின் முதலில் வரும் ககரம் 'கடை'யில் போல வல்லோசை. தமிழிலிருந்து மலாய் எடுத்துக்கொண்ட கடை, கப்பல், பெட்டி மூன்றும் அங்கே கெடாய், கப்பால், பெத்தி என்று வல்லோசையோடுதான் நிற்கின்றன. குடாங் மட்டும் மெல்லிய ககரத்தில் தொடங்குகிறது. இதனால் ஆந்திரக் கரை வழியாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எதிர்வாதமும் உண்டு: கிட்டங்கியின் கடைசி இகரம் மலாயில் எங்கே போனது என்று கேட்டால் தெலுங்குக் கட்சிக்குப் பதில் எளிதல்ல. இரண்டு கரைக்காரர்களும் ஒரே கப்பல்களில் போனார்கள், மலாய்க்காரர்கள் இருவரையும் 'கிளிங்' என்றுதான் அழைத்தார்கள். ஆகவே 'தென்னிந்தியச் சொல்' என்று எழுதுவதே நேர்மை.

மலாயிலிருந்து போர்ச்சுகீசியத்துக்குப் போகும்போது '-ஆங்' முடிவு அவர்கள் மொழியில் இயல்பான மூக்கொலி முடிவாக மாறி 'குடாவ்ங்' ஆனது. அதைக் கேட்ட ஆங்கிலக் காதுக்கு 'டவுன்' என்று விழுந்தது. பிறகு ஆங்கிலத்திலிருந்து நமக்குக் குடோன் என்று திரும்பி வந்தது. காரைக்குடியில் இன்று கிடங்கு, கிட்டங்கி, குடோன் மூன்றும் ஒரே தெருவில் வழங்குகின்றன. ஒன்று வீட்டை விட்டே போகாதது, ஒன்று கடல் தாண்டிப் புதுப் பொருள் கொண்டது, ஒன்று மூன்று மொழிகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியது.

கிட்டங்கி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தளத்தின் பெரிய போதாமை இங்கேதான். அகராதிகள் இந்தச் சொல்லுக்குப் பண்டசாலைப் பொருளைத் தருகின்றன. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தாருக்குக் கிட்டங்கி அதைவிட அதிகம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் பல விலாசங்கள் (தொழில் நிறுவனங்கள்) ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பெட்டியும் கணக்குமேசையுமாக அமர்ந்து வட்டித்தொழில் நடத்திய இடம் அது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் உண்டு உறங்கியதும் அங்கேயே. சரக்கறை எப்படித் தங்குமிடமும் வட்டிக்கடையுமாகப் பொருள் விரிந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டு அகராதி சொல்லாது. அதற்கு வீட்டுப் பரணில் இருக்கும் கடிதங்களும் பேரேடுகளும்தான் சான்று. அப்படி ஒரு தாளில் கிட்டங்கி என்ற சொல்லைக் கண்டால் தேதி, ஊர், விலாசம் மூன்றையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். சொல்லை மட்டும் எழுதி வைத்தால் அது பயன்படாது.

இன்னொரு போதாமை, நடுவழி மொழிகள். மலாய் அகராதியும் போர்ச்சுகீசிய அகராதியும் இந்தத் தளத்தில் கிடையாது. தெற்காசிய மொழிகளோடு எல்லை முடிகிறது. ஆனால் கடல் வழி போன சொற்களுக்கு அந்த இரண்டும்தான் பாலம். கோவாவைச் சேர்ந்த டால்கடோ 1919 முதல் 1921 வரை வெளியிட்ட போர்ச்சுகீசிய ஆசியச் சொல்லகராதியின் பட நகலை வெளியே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். போர்ச்சுகீசியம் தெரியாவிட்டாலும் ஆண்டுகளையும் வடிவங்களையும் படித்துவிடலாம். ஆங்கிலப் பக்கத்துக்கு ஆக்சுபோர்டு பேரகராதியின் முதல் பதிப்பில் எஃப், ஜி எழுத்துகள் கொண்ட தொகுதி 1901இல் வந்தது, அதுவும் பட நகலாகக் கிடைக்கிறது. இன்றைய ஆக்சுபோர்டு இணையப் பதிப்பு நிச்சயம் மேலானது, ஆனால் சந்தா கட்ட வேண்டும். ஒரு சீட்டு எழுத அந்தச் செலவு தேவையில்லை. சொற்பிறப்புக்கென்றே இருக்கும் இலவச ஆங்கிலத் தளங்கள் லத்தீன், பிரெஞ்சுக் கிளைகளில் நன்றாக இருக்கின்றன. தமிழ்ச் சொல் வந்ததும் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. தமிழ்ப் பேரகராதி மட்டும் போதும் என்பவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் அதைப் பார்க்கலாம்.

வேறு சில சொற்களையும் இதே வழியில் சோதிக்கலாம். அலமாரி எளிது. லத்தீனில் 'அர்மாரியம்', போர்ச்சுகீசியத்தில் 'அல்மாரியோ', பிறகு இந்தி, தமிழ், அங்கிருந்து ஆங்கிலேயர் வீட்டுக்குள். பேரகராதி இதைப் போர்ச்சுகீசியம் என்றே குறிக்கும். ஆங்கிலத்தில் 'செரூட்' ஆன சுருட்டு இன்னும் எளிது, சுருள் என்ற வேர் பார்த்தவுடன் தெரியும். தேக்குக்கு ஒரு எச்சரிக்கை: ஆங்கில அகராதிகள் மலையாளம் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். தமிழிலும் மலையாளத்திலும் அதே சொல்தான். 1498இல் போர்ச்சுகீசியர் வந்திறங்கியது கள்ளிக்கோட்டைப் பக்கம், அவர்கள் 'தேக்கா' என்று கற்றுக்கொண்டதும் அங்கேதான். நம் வீட்டுத் தூண் பர்மாவிலிருந்து வந்தது, அதன் ஆங்கிலப் பெயர் மலபாரிலிருந்து போனது. நாணயம் மாற்றுபவரைக் குறிக்கும் 'ஷ்ராஃப்' அரபிச் சராஃபிலிருந்து வந்தது, நம் சராப்புக் கடைக்கு உறவு. ஹாங்காங்கில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கும் அறைக்கு இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

வழுக்கி விழ வைப்பது காசு. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் வருவது லத்தீன் 'கப்சா', அதாவது பெட்டி. இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது. கீழை நாட்டுச் சில்லறை நாணயம் என்ற பொருளில் வருவது தமிழ்க் காசு, போர்ச்சுகீசிய 'காய்ஷா' வழியாகப் போனது. போர்ச்சுகீசிய மொழியில் 'காய்ஷா' என்றால் பெட்டி என்பதும் பொருள், ஆகவே குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. "உலகமே பயன்படுத்தும் கேஷ் நம் காசுதான்" என்று வழிகாட்டிகள் சொல்வதில் நாணயப் பொருளுக்கு மட்டும் உண்மை இருக்கிறது; வங்கியில் நாம் கட்டும் ரொக்கத்துக்கு இல்லை. ஹாப்சன் ஜாப்சனில் இந்தப் பதிவை முழுதாகப் படிக்காமல் முதல் வரியோடு நிறுத்தினால் பிடிபடாது.

ஹாப்சன் ஜாப்சனிலிருந்து மேற்கோளை அப்படியே எடுத்து விடுதிச் சுவரில் மாட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வரிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வணிகர்களும் அதிகாரிகளும். செட்டி, கிளிங் போன்ற பதிவுகளில் நம் மக்களைப் பற்றி அவர்கள் இழிவாக எழுதியதும் கலந்திருக்கும். ஆண்டுக்கும் வடிவத்துக்கும் அவை நல்ல சான்று, ஆட்களைப் பற்றிய தீர்ப்புக்கு அல்ல. எடுத்துப் போடும் முன் முழு வரியையும் படியுங்கள்.

பயன்பாட்டில் எங்கள் மதிப்பு இது: கிடைக்கும் இலவசக் கருவிகளில் இதற்கு இணையில்லை. கைப்பேசியிலும் படிக்கலாம், ஆனால் ஹாப்சன் ஜாப்சனின் நீண்ட பதிவுகளுக்குப் பெரிய திரை நல்லது. ஒவ்வொரு அகராதிக்கும் தனித் தேடல் பக்கம் என்பதால் நான்கு தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பழகாத கைக்கு ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது நியாயம். குடோன் போல நடுவழி மொழி குறுக்கிட்டால் ஒரு மாலைப்பொழுது. சொல்லின் தோற்றத்தை ஒரே வரியில் கேட்பவர்களுக்கு இந்தத் தளம் பொறுமையைச் சோதிக்கும். சான்று வேண்டுபவர்களுக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

சாமான் அறை வாசலில் வைக்கும் அட்டைக்கு இப்படி எழுதலாம்: "கிடங்கு, கிட்டங்கி: சரக்கறை. தமிழ், தெலுங்கு வழக்கிலிருந்து மலாய் குடாங், அங்கிருந்து போர்ச்சுகீசியம், 1513, ஆங்கிலம், 1588. தமிழில் இதன் பழைய பொருள் அகழி." அட்டையின் பின்புறம் எந்த அகராதி, எந்தப் பதிப்பு, அச்சில் எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து 'கோ டவுன்' என்று திருத்த முயன்றால் திருப்பிக் காட்ட அது உதவும்.